கெட்ட வார்த்தைகளோடு ஒன்பது ஆண்டுகள்

கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டே அதன் ஆண்கள் விடுதிக்குக் காப்பாளராகவும் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். பொறுப்பேற்ற முதல் வாரத்தில் ஓர் இரவு, உணவுக்கூடத்தின் மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, காதில் விழும் ஒவ்வொரு கெட்ட வார்த்தைக்கும் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். கால் மணி நேரத்திற்குள் நாற்பது கோடுகள் சேர்ந்ததும் நோட்டை மூடிவிட்டேன். எண்ணிக்கையைவிட என்னைத் திகைக்க வைத்தது வேறொன்று. அந்த நாற்பதில் ஒன்றுகூடக் கோபத்தில் சொல்லப்படவில்லை. தண்ணீர்க் குவளையை நகர்த்தச் சொல்லும்போதும், தேர்வில் தேறிய நண்பனைப் பாராட்டும்போதும், ஊரிலிருந்து திரும்பியவனைக் கட்டிக்கொள்ளும்போதும் அதே சொற்கள்தாம் வந்தன. பெற்ற தாயைக் குறித்த மிகக் கொச்சையான ஒரு வசவை ஒருவன் சொல்ல, அதைக் கேட்டவன் சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்கார இடம் கொடுத்தான்.

நாங்கள் படித்த காலத்தில் வாய் கூசாமல் பேசியவர்கள் இல்லை என்று சொன்னால் அது பொய். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் பெரியவர் ஒருவர் வரும் அரவம் கேட்டால் குரலைத் தாழ்த்துவோம். பெண்கள் இருக்கும் இடத்தில் பேச்சை விழுங்குவோம். இந்தப் பிள்ளைகளிடம் அந்தத் தாழ்த்தல் குறைந்திருந்தது. அதைப் பார்த்து, இந்தத் தலைமுறைக்குச் சொல்லின் கூச்சமே போய்விட்டது என்று நான் தீர்ப்பெழுதினேன். அந்தத் தீர்ப்பை அடுத்த ஒன்பது ஆண்டுகளில் ஒவ்வொரு வரியாக அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

முதலில் நான் செய்தவை எல்லாம் காவல் வேலைகள். இனியவை கூறல் அதிகாரத்தின் கடைசிக் குறளான ‘இனிய உளவாக இன்னாத கூறல் கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு உணவுக்கூடச் சுவரில் ஒட்டினேன். அதன் கீழே ஒரு தகர உண்டியலை வைத்து, கெட்ட வார்த்தை பேசுகிறவர் ஒரு நாணயம் போட வேண்டும் என்று விதித்தேன். முதல் இரண்டு நாள் ஒரு தயக்கம் தெரிந்தது. மூன்றாம் நாள் ஒருவன் கைநிறைய நாணயங்களைக் கொண்டுவந்து, “சார், இந்த வாரத்துக்கு மொத்தமா கட்டிடறேன்” என்று உள்ளே கொட்டினான். கூடமே கைதட்டியது. அந்த வாரம் முழுவதும் அவன் கட்டணம் செலுத்திய உரிமையோடு பேசினான். மற்றவர்கள் அவனிடம் கடன் சொல்லிப் பேசினார்கள்.

இதே கதை வேறோர் இடத்தில் ஆய்வாகவே நடந்திருக்கிறது என்பதைப் பின்னாளில் படித்தபோது சிரிப்பு வந்தது. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளைகளைத் தாமதமாக அழைத்துப்போக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையாமல் கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. அபராதம் என்பது விலையாகிவிட்டால், கொடுத்தவனுக்குக் குற்ற உணர்ச்சி மிஞ்சுவதில்லை. அதுவரை என் விடுதிப் பிள்ளைகளிடம் இருந்த இலேசான கூச்சத்தையும் அந்தத் தகர டப்பா விலைக்கு வாங்கிவிட்டது. உண்டியலை எடுத்த பிறகும் அந்தக் கூச்சம் முழுவதாகத் திரும்பி வரவில்லை. வீட்டில் பிள்ளைகளுக்காக இப்படி உண்டியல் வைக்க நினைக்கும் பெற்றோர் யாராவது என்னைக் கேட்டால், வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

குறள் ஒட்டியதன் விளைவு இன்னும் விசித்திரமானது. பத்துப் பதினைந்து நாள் கழித்து விடுதியில் ‘காய்’ என்றொரு வசவு பிறந்திருப்பதைக் கவனித்தேன். “டேய் காயே, கதவைத் தொறடா”, “அவன் ஒரு காய் மச்சான்” என்று நடைபாதை முழுவதும் காய் உருண்டது. விசாரித்தபோது, “கெட்ட வார்த்தைதான் பேசக் கூடாதுன்னீங்க, இது திருக்குறள் சார்” என்று பணிவாகப் பதில் சொன்னார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. கொச்சை போய்க் குறள் வந்துவிட்டதே என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பெருமைக்கு நான் பிறகு வெட்கப்பட நேர்ந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தடுப்பதை விட்டுக் கேட்கத் தொடங்கியது மூன்றாம் ஆண்டில்தான். மின்சாரம் நின்றுபோன ஓர் இரவில் மாடிப்படியில் ஆறேழு மாணவர்களோடு உட்கார்ந்திருந்தபோது, “உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், எப்படி உங்களுக்கு வாய் வருகிறது?” என்று கேட்டேன். இருட்டில் முகம் தெரியாததாலோ என்னவோ, அவர்கள் ஒளிக்காமல் பேசினார்கள். அவர்களிடம் எழுதப்படாத ஓர் இலக்கணமே இருந்தது. ஒரே அறையில் இருப்பவனிடம் எதையும் சொல்லலாம், ஆனால் அவன் தாய் நோயுற்றிருக்கும்போது தாயைக் குறித்த சொல் அந்த அறையில் யார் வாயிலும் வராது. முதல் ஆண்டு மாணவன் மூத்தவனிடம் எடுத்த எடுப்பில் சொல்லக் கூடாது; மூத்தவன் சொல்லி, சிரித்து, இடம் கொடுத்த பிறகு சொல்லலாம். கிண்டலுக்குச் சொல்வதை இழுத்துச் சொல்ல வேண்டும். வெட்டிச் சொன்னால் சண்டை. “அர்த்தத்தை நினைச்சா சார் சொல்றோம்? அது ஒரு கமா மாதிரி” என்றான் ஒருவன். ஆனால் பிறப்பையோ நிறத்தையோ உடற்குறையையோ சொல்லித் திட்டினால் அது கமா இல்லை என்று இன்னொருவன் இடைமறித்தான். அந்த வேறுபாட்டை நான் கற்றுக் கொடுக்கவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தபோது நன்னூல் நினைவுக்கு வந்தது. அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கலையும், ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கிக்கொள்ளும் குழூஉக்குறியையும் அந்நூல் தகுதி வழக்கு என்ற ஒரே தலைப்பின் கீழ் வைக்கிறது. நானோ இந்தப் பிள்ளைகளிடம் இடக்கரடக்கல் இல்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது குழூஉக்குறி. நீ எங்களில் ஒருவன் என்பதைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த அடையாளச் சொற்கள் அவை. தேய்ந்து, முதலும் நடுவும் உதிர்ந்து, கடைசி ஈரெழுத்து மட்டும் எஞ்சிய அந்த வசவுகளில் பலவற்றை மரூஉ என்றுகூடச் சொல்லலாம். இலக்கண ஆசிரியனின் வீண் வேடிக்கை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். குழூஉக்குறியின் இயல்பு குழுவுக்குள் உறவாகவும் குழுவுக்கு வெளியே அரணாகவும் இருப்பது. அந்த அரணில் யார் இடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால்தான் வசவு எங்கே வலிக்கிறது என்று தெரியும்.

பழகிப்போச்சு, தானா வருது சார் என்ற சமாதானத்தையும் அடிக்கடி கேட்டிருக்கிறேன். அதில் பாதி உண்மை. பக்கவாதத்தால் பேச்சிழந்து, கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாதவர்கள்கூடச் சில வேளைகளில் வசவை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுவதை மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே குறித்து வைத்திருக்கிறார்கள். யோசித்துக் கோக்கும் பேச்சு ஒரு வழியிலும், பழக்கத்தில் வெடிக்கும் சொல் வேறொரு வழியிலும் வருகின்றன. மறுபாதி உண்மையையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நடைபாதையில் நின்று நண்பனைத் தாய்வழி தந்தைவழி எல்லாம் இழுத்துப் பேசிக்கொண்டிருந்த ஒருவனுக்குக் கைப்பேசி ஒலிக்கும். திரையைப் பார்ப்பான், தொண்டையைச் செருமுவான், “சொல்லும்மா” என்பான். பத்து நிமிடப் பேச்சில் ஒரு சொல் பிசகாது. அழைப்பை முடித்த கையோடு விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தைத் தொடர்வான். வாய்க்குப் பூட்டும் உண்டு, சாவியும் அவனிடமே உண்டு என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. பூட்டு நழுவுவது களைப்பிலும் தூக்கமின்மையிலும்தான். தேர்வு மாதங்களில் ஆசிரியர் முன்னும் வீட்டார் முன்னும் வாய் தவறியதாக என்னிடம் வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் இரவெல்லாம் விழித்தவர்கள்.

ஆங்கில வசவுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் சொல்லத் தயங்கும் பிள்ளைகள்கூட ஆங்கிலத்தில் அதே பொருளுள்ள சொல்லை ஆசிரியர் முன்பே உதிர்ப்பார்கள். அதைக் கெட்ட வார்த்தைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். ழான் மார்க் டெவேல் என்ற மொழியியலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்மொழியாளர்களிடம் கேட்டு 2004இல் எழுதியதும் இதைத்தான் காட்டுகிறது: பின்னால் கற்ற மொழியின் வசவுகள் பேசுகிறவரின் நெஞ்சில் அத்தனை கனமாக இறங்குவதில்லை. சிக்கல் எங்கே என்றால், கேட்கிறவருக்கு அது முதல் மொழியாக இருக்கலாம், அல்லது அந்த மொழியில்தான் அவர் அவமானப்பட்டிருக்கலாம். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு முதன்முதலாக இணையவழிக் கூட்டத்தில் பேசிய என் பழைய மாணவன் ஒருவன், மடிக்கணினி திணறியபோது அப்படியொரு சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, எதிரில் இருந்தவர்களின் முகம் மாறியதைப் பார்த்த பிறகே அதன் எடையை அறிந்ததாக என்னிடம் சொன்னான். தாய்மொழியில் எந்தச் சொல்லை அவையில் சொல்ல மாட்டாயோ அதன் மொழிபெயர்ப்பையும் சொல்லாதே என்பது அவனுக்கு நான் சொன்ன எளிய கணக்கு.

வகுப்பில் பெண்களின் நிலை வேறு. ஒரு மாணவி என்னிடம் வந்து முறையிட்டாள். பையன்கள் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது, “நான் போய் உக்காந்ததும் எல்லாரும் மரியாதையாப் பேச ஆரம்பிச்சிடறாங்க சார். அதுக்கப்புறம் அங்க ஒண்ணும் நடக்காது” என்பது. செயல்திட்ட வேலைகள், பயிற்சிப் பணிக்கான தகவல்கள், யார் யாருக்கு உதவுவது என்ற ஏற்பாடுகள் எல்லாம் அந்தக் கொச்சைப் பேச்சின் ஊடேதான் ஓடிக்கொண்டிருந்தன; மரியாதை என்ற பெயரில் அவளை வாசலில் நிறுத்திவிட்டார்கள். அவளுடைய தோழி ஒருத்தி அந்த வாசலைத் தாண்டுவதற்காகவே அவர்களைப் போலப் பேசத் தொடங்கினாள். பையன்களில் ஒருவனைக்கூட எவரும் அதற்காகக் குணங்கெட்டவன் என்று சொல்லவில்லை, அவளைச் சொன்னார்கள். சொன்னவர்களில் அதே சொற்களை நாள் முழுவதும் பேசுகிறவர்களும் இருந்தார்கள், ஆசிரியர் அறையில் என்னோடு இருந்தவர்களும் இருந்தார்கள். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

இனிக் காய்க்கு வருகிறேன். முதல் ஆண்டில் அதிகம் பேசாத ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். யாருக்கும் தொல்லை தராதவன். நடக்கும்போது ஒரு தோள் சற்றே தாழ்ந்திருக்கும். ‘காய்’ என்ற சொல் எப்படியோ அவன் மேல் போய் ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் ஒருவரையொருவர் காய் என்று அழைத்துக்கொண்டது நின்றுபோய், அது அவனுக்கு மட்டுமே உரிய பெயராகிவிட்டது. வருகைப் பதிவின்போது அவன் பெயரை நான் வாசித்தால் பின்னாலிருந்து “காய்” என்று ஒரு குரல் வரும், ஒரு சிரிப்பலை எழும், அவனும் சிரிப்பான். அவனும் சிரிக்கிறானே என்று நான் அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். ஒரு நாள் அவன் தந்தை வந்து, காரணம் எதுவும் சொல்லாமல் அறையைக் காலி செய்து அழைத்துப்போனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதுகூட மேல்தளத்திலிருந்து யாரோ அந்தப் பெயரைச் சொல்லி வழியனுப்பினார்கள். அதில் கொச்சை என்று ஓர் எழுத்துகூட இல்லை. நான் நோட்டில் கோடு போட்டு எண்ணிய எந்தச் சொல்லும் அந்தப் பையனை விரட்டவில்லை. நான் சுவரில் ஒட்டிய சொல் விரட்டிவிட்டது. குறளைக் கிழித்தெடுக்க மனம் வரவில்லை, அங்கே நின்று அதைப் படிக்கவும் முடியவில்லை.

அப்போதும் எனக்கு முழுவதாகப் புரியவில்லை. புரிய வைத்தது என்னுடைய நாக்கு.

தேர்வுக் காலத்தில் ஒரு நள்ளிரவு, மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்து, மாடிப்படி வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழ்த்தள அறைகளில் விரித்து வைத்திருந்த புத்தகங்களை நனைத்துவிட்டது. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவன், மோட்டார் அறைக்கு வெளியே நின்றிருந்த இரண்டாம் ஆண்டு மாணவனைப் பார்த்ததும், அவன் தாயைக் குறித்த அந்தச் சொல்லைச் சொல்லித் திட்டினேன். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஒரு நாளில் நூறு தடவை அந்தக் கட்டடத்தில் கேட்கிற சொல்தான். ஆனால் அது என் வாயிலிருந்து விழுந்தபோது அத்தனை பேச்சும் அடங்கி, தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மேலே போனான். அன்றிரவு மோட்டாரை நிறுத்தும் முறை அவனுடையது அல்ல என்பதும், சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்து அதை நிறுத்தியவனே அவன்தான் என்பதும் அரை மணி நேரம் கழித்துத் தெரிந்தன.

மறுநாள் காலை அவனுடைய அறைத்தோழனிடம், நீங்கள் பேசாத சொல்லா என்ற நினைப்பு எங்கோ ஒளிந்திருந்ததாலோ என்னவோ, “அவனுக்கு ரொம்ப வருத்தமா?” என்று கேட்டேன். அவன் என்னை நேராகப் பார்த்துச் சொன்னான்: “நாங்க சொன்னா அவன் திருப்பிச் சொல்லுவான் சார். நீங்க சொன்னா அவன் என்ன பண்ணுவான்?”

என் ஒன்பது ஆண்டுக் காப்பாளர் வேலையில் நான் கற்றதில் பெரும்பகுதி அந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. திருப்பிச் சொல்ல முடிந்தவர்களுக்கு இடையில் அது விளையாட்டு. திருப்பிச் சொல்ல முடியாதவன் மேல் விழும்போது சொல் எதுவாக இருந்தாலும் அடி. அந்தக் கண்ணோடு பின்னால் திரும்பிப் பார்த்தபோது, காய் என்று அழைக்கப்பட்ட பையன் ஒரு தடவைகூட வேறு யாரையும் அப்படி அழைத்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. சிரித்தான், அவ்வளவுதான். சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது என் தவறு. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலத்தைப் பிறகு கற்றவர்களிடம் செய்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தாய்மொழியில் வசவுகளை மட்டுமல்லாமல், சிறுவயதில் பெரியவர்கள் கண்டிக்கும் வாக்கியங்களைக் கேட்டபோதும் உணர்ச்சி எழுவதைக் காட்டும் தோலின் வியர்வை மாற்றம் ஆங்கிலத்தில் கேட்டதைவிடக் கூடுதலாகப் பதிவாகியிருந்தது. மேலிருந்து வரும் கண்டிப்பு உடலில் அத்தனை ஆழமாகத் தங்குகிறது. நான் அவனிடம் கண்டிப்பையும் கொச்சையையும் ஒரே மூச்சில் கொட்டியிருந்தேன்.

மன்னிப்புக் கேட்பதிலும் முதலில் தவறினேன். அவனைத் தனியாக என் அறைக்கு அழைத்து, தூக்கக் கலக்கத்தில் வந்துவிட்டது தம்பி என்று சொன்னேன். “பரவால்ல சார்” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். பலர் முன்னால் அவமானப்பட்டவனுக்கு நான்கு சுவருக்குள் கிடைக்கும் மன்னிப்பால் என்ன பயன் என்று அன்று மாலைதான் உறைத்தது. இரவு வருகைப் பதிவின்போது, அந்தப் பத்துப் பதினைந்து பேரும் இருக்கையில், “நேற்று நான் சொன்னது தப்பு. மோட்டாரை நிறுத்தியது அவன். அவன் நிறுத்தாமல் விட்டிருந்தாலும் அப்படிச் சொன்னது தப்புதான்” என்றேன். தூக்கக் கலக்கத்தைச் சொல்லவில்லை. காரணம் சொன்னால் மன்னிப்பின் பாதி எனக்கே திரும்பி வந்துவிடும். அவன் என்னோடு பழையபடி பேச இரண்டு மாதம் ஆயிற்று. அதை அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை என்று இருந்துவிட்டேன்.

அதன் பிறகு என் காவல் முறை மாறியது. விடுதியில் சொற்பட்டியல் எதுவும் இல்லை. புதிதாக வரும் மாணவர்களிடம் முதல் கூட்டத்தில் ஒன்றே ஒன்று சொல்வேன்: கதவையும் கணினியையும் கிரிக்கெட்டையும் எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள், ஆள் மேல் சொல் விழுந்தால் நான் வருவேன். ஒரு பெயர் ஒருவன் மேல் மட்டும் ஒட்டுகிறதா என்று காதைத் தீட்டி வைத்திருப்பேன். ஒட்டுவது தெரிந்தால், கூட்டத்தில் வைத்துக் கண்டிப்பதில்லை. கண்டித்தால் அந்தப் பெயருக்கு மேலும் விளம்பரம் ஆகும், பாதிக்கப்பட்டவன் காட்டிக்கொடுத்தவன் என்ற இன்னொரு பெயரையும் சுமப்பான். அந்தப் பெயரை முதலில் வைத்தவன் யார், அவன் சொன்னால் மற்றவர்கள் கேட்கக்கூடியவன் யார் என்று பார்த்து, அந்த இருவரிடம் தனித்தனியாகப் பேசுவேன். பெரும்பாலும் ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். உதிராதபோது அறையை மாற்றினேன். மாற்றப்பட்டது பெயர் வைத்தவன் அறை.

எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொன்னால் ஒதுக்கிவிடுவார்கள் என்று வரும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களிடம், கெட்ட வார்த்தை பேசாதே என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம், என்னைச் சொல்லாதே என்று மட்டும் சொல் என்பேன். அதையும் நடந்த அந்த நேரத்தில் சிரிக்காமல் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னால் அது ஆட்டத்தின் அடுத்த நகர்வாகிவிடும். ஒருவன் கண்ணாடி முன் நின்று, “அம்மாவை இழுக்காத” என்ற இரண்டு சொல்லை முகம் மாறாமல் சொல்லப் பழகினான். முதல் தடவை சொன்னபோது அறையே ஓவென்று கத்திக் கேலி செய்ததாம். மூன்றாம் தடவைக்குப் பிறகு, அவனிடம் பேசும்போது மட்டும் அந்தச் சொல்லை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் பேசினார்களாம். அது வெற்றிதான்.

வேலைக்கான நேர்காணல்கள் நெருங்கும்போது பழக்கத்தை விட உதவி கேட்டு வருகிறவர்கள் தனி வகை. அடியோடு விடுகிறேன் என்று சபதம் எடுத்தவர்கள் எல்லாம் மூன்றே நாளில் தோற்றுத் திரும்பினார்கள். தேறியவர்கள் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள்: நூலகத்தில் மட்டும் வசவு வராது, ஆய்வகத்தில் மட்டும் வசவு வராது என்று. அந்த இடம் கைக்கு வந்ததும் இன்னொன்றைச் சேர்த்தார்கள். ஒருவன் தன் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டான். வசவு வருவதெல்லாம் அடுத்த சொல் கிடைக்காமல் தடுமாறும் இடங்களில்தான் என்பதை அவனே கண்டுபிடித்தான். அந்த இடத்தில் வேறு சொல் எதையும் வைக்காமல், வாயை மூடி ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடரப் பழகினான். மெதுவாகப் பேசுகிறவன், யோசித்துப் பேசுகிறவன் என்று அவனுக்குப் பெயர் வந்தது. எழுத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமை காட்டினேன். குழுச் செய்தியில் எழுதும் வசவுக்குக் குரலும் இல்லை, இழுத்துச் சொல்லும் இராகமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அது திரைப்பிடிப்பாக வேறொருவர் கைக்குப் போகும்போது சொல் மட்டும்தான் போகும்.

முற்றாக விட்டுவிடச் சொல்கிறேனா என்றால், இல்லை. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும், மாணவர்களின் கையைப் பனிக்குளிர் நீரில் வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மேசையை விவரிக்கும் ஒரு சாதாரணச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது தாங்கியதைவிட, வசவு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர்கள் அதிக நேரம் வலியைத் தாங்கினார்கள். அந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. 2011இல் வந்த தொடராய்வு அதைவிடச் சுவையானது: அன்றாடம் அதிகமாகக் கெட்ட வார்த்தை பேசுகிறவர்களுக்கு அந்தப் பயன் குறைவாகவே கிடைத்தது. 2020இல் ‘ஃபவுச்’, ‘ட்விஸ்பைப்’ என்று புதிதாக இரண்டு வசவுகளை உண்டாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள்; அவை வலியைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து மாணவர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது, “காய் கூட வேலை செய்யாதா சார்?” என்று ஒருவன் கேட்டான். காலில் கல் விழுந்தால் செய்யாது, அடுத்தவன் மேல் எறிந்தால் நன்றாகவே செய்யும் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அந்தப் பையன் போன கதை இவர்களுக்குத் தெரியாது. பிறகு சொன்னேன். மாடிப்படியில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

நான் விடுதியை விட்டு வந்த கடைசி வாரத்தில், இரவுச் சுற்றுக்குப் போனபோது இருட்டில் ஒருவன் இரும்புக் கட்டிலின் காலில் தன் சுண்டுவிரலை இடித்துக்கொண்டான். கட்டடம் அதிரும்படி ஒரு சொல் வந்தது. நான் அன்று மோட்டார் அறை வாசலில் சொன்ன அதே சொல். விளக்கைப் போட்டவன் வாசலில் என்னைக் கண்டு, ஒற்றைக் காலில் நின்றபடியே, “சாரி சார், சாரி சார்” என்றான்.

“கட்டிலைத்தானே சொன்னாய்?” என்று கேட்டேன்.

“ஆமா சார்.”

“விரல் வீங்குகிறதா பார். குளிர்ந்த தண்ணீரில் வை” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனேன்.